வினோஜாவுக்கு விட்ட இடம்

சோளகக் காற்று அடிக்கிற மாதத்தில் பெயின்ற் எடுத்து எழுத்தெழுதப் புத்தியுள்ளவன் எவனும் வெளிக்கிடமாட்டான். சிவபாதத்தாருக்கு வேறு வழியில்லை. சனிக்கிழமை விழா, அன்றைக்குப் புதன். காற்று கடற்பக்க யன்னலால் மண்டபத்துக்குள் நுழைந்து, கொண்டுவந்த மணலில் ஒரு பங்கை ஈர எழுத்தில் ஒட்டிவிட்டுத்தான் தெருப்பக்கத்தால் வெளியேறும். அவர் மனைவியின் பழைய சேலை ஒன்றை யன்னலுக்குக் குறுக்கே கட்டிவிட்டு, ஏணியில் நின்று, பலகையிலிருந்த பெயர்களைப் பொன்கலர்ப் பெயின்றால் ஒவ்வொன்றாகத் துலக்கிக்கொண்டிருந்தார்.

குறிகட்டுவான் பஸ்ஸில் வந்து இடையில் இறங்கி, சரவணைப் பக்கம் கடலைப் பார்த்து ஒன்றரைக் கட்டை நடந்தால் வருவது ஆத்தியடிக் குறிச்சி. அங்கேயுள்ள பள்ளிக்கூடத்துக்குக் கேற்றில் நீளமான பெயர் ஒன்று எழுதியிருக்கிறது. அதை ஒருவரும் சொல்லுவதில்லை. பெரிய பள்ளிக்கூடம் என்றால்தான் பஸ் கொண்டக்டருக்கும் விளங்கும். அதற்கு நூற்றிருபத்தைந்து வயது; சனிக்கிழமை விழாவும் அதற்காகத்தான். ஒரு காலத்தில் எழுநூறு பிள்ளைகள் இருந்ததாம். தொண்ணூறில் சண்டையால் தீவே இடம்பெயர்ந்தது, பிறகு ஊரில் பாதி கனடாவுக்கும் லண்டனுக்கும் போயிற்று, மிச்சத்தில் பாதி யாழ்ப்பாணத்தில் வீடு கட்டிற்று. இப்போது எண்பத்தொரு பிள்ளைகள். பெரிய என்ற சொல்லை மட்டும் ஒருவரும் கொண்டுபோகவில்லை.

மண்டபத்துச் சுவரிலிருந்த அந்த முதிரைப் பலகையில் ‘எமது பாடசாலையின் பெருமைமிகு மைந்தர்கள்’ என்று தலைப்பு. கீழே இருபத்துமூன்று பெயர்கள். எஞ்சினியர்மார் ஏழு பேர், டாக்குத்தர்மார் ஐந்து பேர், ஒரு நீதவான், ஒரு பேராசிரியர் என்று இறங்கிவந்து, கடைசியில் ‘வைத்திலிங்கம், தபாலதிபர்’ என்று முடியும். தபாலதிபருக்குக் கீழே ஒரு சாண் இடம் வெறுமையாகக் கிடந்தது.

சிவபாதத்தார் அங்கே இருபத்திரண்டு வருடமாகச் சிற்றூழியர். மணி அடிப்பார், தேத்தண்ணி வைப்பார், எழுதுவினைஞர் இல்லாத கந்தோரில் இடாப்பும் எழுதுவார், கையெழுத்து அச்செழுத்து. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளத்தில் சேராத வேலை. பிள்ளையை யாழ்ப்பாண ரவுண் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவதற்கு லீவிங் என்கிற விலகல் பத்திரம் கேட்டு வருகிற தாய் தகப்பனைக் கேற்றடியிலேயே மறித்து, மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டுபோய்ப் பலகைக்கு முன்னால் நிறுத்துவார்.

“உதை ஒருக்கா வாசியுங்கோ. உவங்கள் எல்லாம் எங்கை படிச்சவங்கள்? இஞ்சை! உந்த உப்புத் தண்ணியைக் குடிச்சு, உந்த வாங்கிலை இருந்து. உங்கட பிள்ளைக்கு மட்டும் என்ன வந்தது?”

பாதிப் பேர் வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவார்கள். ஐந்து அதிபர்மார் மாறினார்கள். ஐந்து பேருக்கும் இதில் சந்தோசம்.

சித்திரை மாதம் இலட்சுமிப்பிள்ளை வந்தபோதும் இப்படித்தான் நடந்தது. புருசன் கடலோடு போய்ப் பதின்மூன்று வருடம். பனைக்குக் கீழே விழுகிறதைப் பொறுக்கித்தான் சீவியம். மகள் வினோஜா ஓ.எல். சோதனையில் சிவபாதத்தாரின் மகள் நிலாந்தினிக்குச் சமனாகக் கணிதத்தில் ‘ஏ’ எடுத்திருந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குச் சும்மா இடம் கொடுக்கிற விடுதி ஒன்றிலிருந்து, ரவுணில் படிக்க வரலாம் என்று கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு லீவிங் கேட்க வந்தவளைச் சிவபாதத்தார் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். தபாலதிபருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

“மைந்தர்கள் எண்டுதான் போட்டுக் கிடக்கு. ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர பேர் இல்லை. உந்த இடம் வினோஜாவுக்கு. நான் விட்டு வைச்சிருக்கிறன். என்ர மகளும் இஞ்சைதான் படிக்கப்போறாள். என்ர பிள்ளையை விட்டிட்டு உன்ர பிள்ளைக்கு நான் பிழை சொல்லுவனோ?”

இலட்சுமிப்பிள்ளை கடிதத்தை அவிழ்க்காமலே திரும்பிப் போனாள். நாலு பிள்ளைகளோடு ஏ.எல். கணித வகுப்புத் தொடங்கியது. மூன்றாம் கிழமை கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு ஆள் வரும் வரும் என்றார்கள். ஆவணியும் வந்துவிட்டது, ஆள் வரவில்லை.

இப்போது லண்டனிலிருந்து விழாவுக்கு வருகிற பழைய மாணவர் சங்கத் தலைவர், எஞ்சினியர் வேதநாதன், ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருந்தார். பலகையில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவரவர் படித்த காலத்தையும் போட்டால் வடிவாக இருக்கும் என்று. அதிபர் கைலாசநாதன் சரி என்றுவிட்டார். அதற்குத்தான் சிவபாதத்தார் ஏணியால் இறங்கி, கந்தோர் அலுமாரியைத் திறந்து, பிள்ளைகள் சேர்ந்ததும் விலகியதும் பதிந்த பழைய சேர்விடாப்புகளை வெளியே எடுத்தார். தொண்ணூறில் அப்போதைய அதிபர் தன் உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு உரப்பையில் கட்டிக் காப்பாற்றிக்கொண்டு ஓடிய இடாப்புகள். சிவபாதத்தார் அவற்றுக்கு மாதாமாதம் தூசி தட்டுவார். திறந்து பார்த்ததில்லை.

முதலில் பிரதம விருந்தினர். வேதநாதன், சேர்ந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டு. விலகியது அறுபத்துமூன்று தை. விலகும்போது வகுப்பு, ஐந்து. விலகிய காரணம், ‘யாழ்ப்பாணம் சென்று படிக்க’.

ஐந்தாம் வகுப்போ? எழுதினவர் பிழை விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு நீதவானைத் தேடினார். நீதவான் நாலாம் வகுப்பு. பேராசிரியர் ஆறு. டாக்குத்தர்மாரில் மூத்தவர் இரண்டாம் வகுப்போடு போயிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மற்றவர்களையும் பார்த்தார். காரணம் என்ற நிரலில் திரும்பத் திரும்ப அதே மூன்று சொற்கள். ஒருவர் எட்டாம் வகுப்புவரை தாக்குப் பிடித்திருந்தார். கடைசி வகுப்புவரை பெரிய பள்ளிக்கூடத்திலேயே படித்து முடித்தவர் ஒரேயொருவர்: தபாலதிபர் வைத்திலிங்கம்.

அன்றைக்கு நாலாம் பாடத்துக்கு மணி அடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அது முதல் தடவை.

வீட்டில் மனைவி சறோஜினிதேவி சிவத்தரிசிச் சோறும் விளைமீன் குழம்பும் முருங்கையிலை வறையும் போட்டுக் கோப்பையை முன்னால் வைத்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

“இஞ்சருங்கோ, கொக்குவிலிலை இருந்து தம்பி திரும்பவும் போன் எடுத்தவன். அங்கத்தைப் பள்ளிக்கூடத்திலை வெள்ளிக்கிழமை பன்ரண்டு மணியோட பதிவு முடியுதாம். லீவிங் இல்லாமல் எடுக்கமாட்டினமாம். நான் அவனுக்கு என்ன சொல்ல?”

மற்ற நாளென்றால், என்ர பிள்ளையை நானே எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று ஒரு பாட்டம் தொடங்கியிருப்பார். அன்றைக்கு மீன்துண்டைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“என்ன, தொண்டையிலை முள்ளே?”

“சறோ, அவங்கள் ஒருத்தரும் இஞ்சை படிக்கேல்லை.”

“எவங்கள்?”

“பலகையிலை இருக்கிறவங்கள். அஞ்சாம் வகுப்பு, நாலாம் வகுப்போட எல்லாரும் லீவிங் எடுத்துக்கொண்டு போட்டாங்கள். இடாப்பிலை கிடக்கு.”

சறோஜினிதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“உதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இருபத்திரண்டு வருசம் எடுத்ததே? வேதநாதற்ற தாய் மகனுக்கு எண்டு ஞாயிற்றுக்கிழமையிலை வெந்தயக்குழம்பு காய்ச்சி, போத்திலிலை விட்டு, ரவுண் போடிங்குக்குக் கொண்டுபோறவவாம். என்ர அம்மா சொல்லுறவ.”

“அப்ப ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் கேட்டிருப்பியளோ? பலகை, பலகை எண்டு நிண்ட மனிசன்.”

குசினிக் கதவடியில் நிலாந்தினி நின்றாள். கையில் கணக்குக் கொப்பி. “அப்பா,” என்றாள், “சித்திரைக்குப் பிறகு எங்களுக்கு ஆரும் ஒரு கணக்குச் சொல்லித்தரேல்லை. கணக்குப் பாடத்துக்கு நாங்கள் நாலு பேரும் விழாவுக்கு வைச்ச பூக்கண்டுகளுக்குத் தண்ணி ஊத்திறம்.”

அது அவருக்குத் தெரியும். வாளியை எடுத்துக் கொடுக்கிறவரே அவர்தான். தெரிந்த ஒன்றை மகளின் வாயால் கேட்டபோதுதான் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“நாளைக்கு நான் அதிபரிட்டைக் கேக்கிறன்,” என்று எழும்பினார்.

சறோஜினிதேவி கும்பிட்டாள், நயினாதீவு அம்மன் கோயில் பக்கம் பார்த்து. மகளுக்குச் சந்தோசம் வரவில்லை. “வினோஜாவும் மாமா வீட்டிலை என்னோட நிக்கலாமோ அம்மா?” என்று கேட்டாள்.

“மாமி போனிலையே சொல்லிப்போட்டா. அறை ஒண்டுதானாம், ஒரு ஆளுக்குத்தானாம்.”

“அப்ப அவளுக்கு ஆர் சொல்லுறது?”

சறோஜினிதேவி கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலமை எட்டு மணிக்கு அதிபர் கைலாசநாதன் ரவுணிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, தலைக்கவசத்தைக் கழற்ற முன்னரே சிவபாதத்தார் இடாப்போடு போய் நின்றார்.

“என்ன சிவபாதண்ணை, வருசங்கள் எழுதியாச்சோ?”

“எழுத ஏலாது சேர். எழுதினால் வெட்கக்கேடு. அறுபத்துமூண்டிலை அஞ்சாம் வகுப்போட போனவருக்கு என்னெண்டு போடுறது?”

அதிபர் இடாப்பைப் பார்க்கவில்லை. மேசையில் தலைக்கவசத்தை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிசனுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது சிவபாதத்தாருக்கு அப்போதுதான் பிடிபட்டது.

“அரிவரி படிச்சதும் படிச்சதுதானே அண்ணை,” என்றார் கடைசியில். “அவையள் காசு சேர்த்துத் தராட்டி இந்த மண்டபத்துக்கு ஓடும் இல்லை. விடுங்கோ, வருசம் வேண்டாம். பேர் மட்டும் இருக்கட்டும்.”

“சரி சேர். எனக்கு ஒரு லீவிங் வேணும்.”

“ஆருக்கு?”

“என்ர மகளுக்கு.”

அதிபர் கதிரையில் சாய்ந்தார். “அண்ணை, நாலு பிள்ளையள் இருந்தால்தான் கணித வகுப்பு எண்டு கல்விக் கந்தோரிலை சொல்லிப்போட்டினம். நாலு மூண்டானால் திங்கட்கிழமை மூடவேணும். மற்ற மூண்டும் கலைப் பிரிவுக்குப் போகவேண்டியதுதான். நீங்கள் சனத்தை மறிச்சு மறிச்சுத்தான் இந்தப் பள்ளிக்கூடம் இண்டைக்கு நிக்குது. நீங்களே எடுத்தால்? விழா முடியட்டும். திங்கட்கிழமை கதைப்பம்.”

“பதிவு நாளையோட முடியுது சேர்.”

“ஒரு வருசம் பொறுக்கேலாதோ?”

சிவபாதத்தார் அதுவரை ஓர் அதிபரையும் எதிர்த்துக் கதைத்தவர் இல்லை. “சேர், உங்கட மகள் எங்கை படிக்கிறா?”

வெளியே ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் தேவாரம் பாடி முடித்தார்கள். அதிபர் லாச்சியைத் திறந்து லீவிங் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். கோபமில்லை. களைத்துப்போயிருந்தார்.

“எழுதுங்கோ. கையெழுத்து வைக்கிறன். ஆனால் ஒண்டு. மற்றத் தாய்மாருக்கு நான் சொல்லமாட்டன். மறிச்சது நீங்கள். நீங்கள்தான் சொல்லவேணும்.”

சிவபாதத்தார் எழுதினார். லீவிங்கை எழுதிய பிறகு இடாப்பிலும் எழுதவேண்டும். விலகிய காரணம் என்ற நிரலுக்கு வந்தபோது பேனை நின்றது. பிறகு, இருபத்துமூன்று பேரில் இருபத்திரண்டு பேருக்கு எழுதியிருந்த அந்த மூன்று சொற்களையே தன் அச்செழுத்தில் எழுதினார். மை காய்வதற்காக ஊதினார். அதிபரிடம் கேட்டு, வினோஜாவுக்குக் கடிதம் போட்ட விடுதிக்கு ஒரு போன் எடுத்தார். அந்த இடத்துக்கு வைகாசியிலேயே வேறு பிள்ளை வந்துவிட்டது என்றார்கள்.

லீவிங்கை வீட்டில் கொடுத்துவிட்டுப் பின்னேரம் கணித வகுப்பின் மற்ற இரண்டு பிள்ளைகளின் வீடுகளுக்கும் போனார். லோஜனாவின் தாய் கேற்றைத் திறக்காமலே கேட்டுவிட்டு, சரி கலையைப் படிக்கட்டும் என்றாள். துஷாந்திக்குக் கலியாணமே பேசுகிறார்கள். இலட்சுமிப்பிள்ளை வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார். அது பயம்தான், வேறொன்றும் இல்லை.

பனம்பழக் காலம். முற்றத்தில் இலட்சுமிப்பிள்ளை கடகத்துக்கு முன்னால் குந்தியிருந்து, சுட்ட பழத்தின் தோலை உரித்து, தும்பைப் பிடித்துப் பிசைந்து களியெடுத்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரை மஞ்சள். பக்கத்தில், களியைப் பூசிக் காயவைக்கிற பினாட்டுக்குப் பாய் விரித்து முதல் பூச்சுப் பூசியிருந்தது. காற்றில் மணல் விழாமல் இருக்க நாலு பக்கமும் கிடுகு சாத்தியிருந்தாள்.

“வாங்கோ அண்ணை. இருங்கோ. என்ன, வினோஜான்ர பேருக்கு நல்ல பெயின்றோ வாங்கினியள்?” என்று சிரித்தாள்.

அவர் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இடாப்பைச் சொன்னார். வகுப்பு மூடுவதைச் சொன்னார். விடுதியில் இடம் போனதையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் பிசைந்துகொண்டேயிருந்தாள்.

“வாற வருசம் விடுதியிலை பாப்பினமாம்,” என்று முடித்தார்.

“வாற வருசம் எண்டு அவை சொன்னவையோ, நீங்கள் சொல்லுறியளோ?”

“நான்தான் சொல்லுறன்.”

“ம்.”

“என்னை ஏசு பிள்ளை. நாலு ஏச்சு ஏசு.”

“உங்களை ஏசி என்ன வரப்போகுது? நீங்கள் தெரிஞ்சு செய்யேல்லைத்தானே.” ஒரு பழத்தை முடித்து விதையை எறிந்தாள். அடுத்த பழத்தை எடுக்கவில்லை. “ஒண்டு கேக்கிறன் அண்ணை. நேற்றுத் தெரிஞ்சது எண்டு சொல்லுறியள். தெரிஞ்ச உடனை என்னட்டை வந்தியளோ, உங்கட பிள்ளைக்கு லீவிங் எழுதிப்போட்டு வந்தியளோ?”

வேலியடியில் தண்ணீர்க் குடத்தோடு வினோஜா வந்து நின்றதை அவர் அப்போதுதான் கண்டார். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. குடத்தை இறக்கி வைக்காமல் நின்றாள்.

“எழுதிப்போட்டுத்தான்,” என்றார்.

இலட்சுமிப்பிள்ளை தலையை ஆட்டினாள். “தேப்பன் எண்டால் அப்பிடித்தான்,” என்றாள். பிறகு அடுத்த பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். அவர் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். தெருவில் வரும்போது கண்ணைத் துடைத்தார். யாராவது கேட்டால் மண் விழுந்தது என்று சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நிலாந்தினி போய்விட்டாள்.

சனிக்கிழமை விழா நன்றாகத்தான் நடந்தது. மேளம் வந்தது, பந்தல் காற்றுக்குத் தாக்குப் பிடித்தது, பூக்கன்றுகள் மூன்று மாதத் தண்ணீரில் செழித்து நின்றன. நிலாந்தினி மாலை போடுவதாக இருந்தது. அவள் இல்லாதபடியால் அதிபர் வினோஜாவைக் கூப்பிட்டிருந்தார். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல். மாலைத் தட்டத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றவர் சிவபாதத்தார். அவள் அவரைப் பார்க்காமலே மாலையை எடுத்தாள்.

வேதநாதன் நல்ல மனிதர். எழுபது தாண்டியும் நிமிர்ந்த உடம்பு. மைக்கைப் பிடித்தபோது உண்மையாகவே கண் கலங்கினார். “இந்தப் பள்ளிக்கூடம் இல்லையெண்டால் நான் இல்லை,” என்றார். “பிள்ளையளே, ரவுண், ரவுண் எண்டு ஓடாதேங்கோ. எங்களைப் பாருங்கோ.” முன்வரிசையில் லண்டன்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்களும் அதை நம்பினார்கள் என்றே நினைக்கிறேன். அறுபது வருடம் போனால் ஐந்தாம் வகுப்பும் ஒரு முழுப் படிப்பாகத் தெரியும்போல.

பேச்சு முடிந்து பலகையைத் திறந்துவைக்கிற கட்டம். பட்டுத்துணியை இழுத்தார். பொன்னெழுத்து மினுங்கியது. தன் பெயரைத் தொட்டுப் பார்த்தார், ஒவ்வொருவராக வாசித்து வாசித்துக் கீழே இறங்கி வந்தார், தபாலதிபரோடு நின்றார்.

“இதென்ன, கீழை ஒரு இடம் சும்மா கிடக்குது?” என்று மைக்கிலேயே கேட்டார்.

அதிபர் வாயைத் திறக்க முன்னர், பக்கத்தில் நின்ற வினோஜா சொன்னாள். “அது எனக்கு விட்ட இடம், ஐயா.”

மைக் அதையும் பிடித்து மண்டபம் முழுக்கச் சொன்னது.

“அடி சக்கை!” வேதநாதன் அவளுடைய தோளைத் தட்டினார். “கேட்டியளோ? இதுதான் எங்கட பள்ளிக்கூடம். என்ன படிக்கிறீர் பிள்ளை?”

“கணிதம் ஐயா.” அப்போதுதான் அவள் சிவபாதத்தாரைப் பார்த்தாள். “திங்கட்கிழமை வரைக்கும்.”

கடைசிச் சொற்கள் கைதட்டலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. மண்டபம் முழுக்கத் தட்டியது. லண்டன்காரர்கள் எழும்பி நின்று தட்டினார்கள். பின்வரிசையில் இலட்சுமிப்பிள்ளையும், எல்லாரும் தட்டுவதால், மஞ்சள் போகாத இரண்டு கையாலும் தட்டினாள். சிவபாதத்தார் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு மட்டும் அந்தச் சொற்கள் கேட்டன.